வட்ட மேசையில் ஓரிடம்

உட்கார்ந்ததும் முதல் கேள்வி தேநீரைப் பற்றித்தான் வரும். பூஅர் வேண்டுமா, மல்லிகை வேண்டுமா, சாமந்திப்பூ சேர்த்த பூஅரா? ஹாங்காங்கில், சிறு பண்டங்களை மூங்கில் கூடைகளில் வேகவைத்துத் தேநீரோடு தரும் டிம் சம் கடைக்குள் நுழைந்தவர் சாப்பாட்டை யோசிப்பதற்கு முன்பே இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் தனியாக ஏறும். பீங்கான் கூஜாவில் தண்ணீர் தீர்ந்துவிட்டால் மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்துவிட்டால் போதும். கூப்பிடத் தேவையில்லை, அந்தப் பக்கம் போகிற சர்வர் வெந்நீரை ஊற்றி மூடியைச் சரிசெய்துவிட்டுப் போவார். அந்தச் சிறு தொகையைத் தேநீரின் விலையாக நான் எண்ணியதில்லை. நாற்காலிக்குக் கொடுக்கும் வாடகை அது. வாடகை கொடுத்தவரை யாரும் எழுப்பக் கூடாது என்பது இந்தக் கடைகளில் நெடுங்காலம் எழுதாத சட்டமாக இருந்தது.

நம் ஊரிலிருந்து போய் வந்தவர்கள் டிம் சம் பற்றிப் பேசினால் கோழிக்காலில் தொடங்கிக் கோழிக்காலிலேயே முடித்துவிடுகிறார்கள். கோழிக்கால் நல்ல பண்டம்தான். எண்ணெயில் பொரித்து, குளிர்ந்த நீரில் ஊறப்போட்டுத் தோலைச் சுருங்கவிட்டு, நொதித்த கறுப்பு சோயாவோடு ஆவியில் மெத்தென்று வேகவைப்பார்கள். எலும்பை வாயிலேயே பிரித்தெடுக்கத் தெரிந்தவர்களுக்கு அது தனிச் சுகம். ஆனால் அந்தக் கடைகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பண்டங்கள் இல்லை, பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள்தான்.

ஷாம் ஷுய் போ போன்ற பழைய பேட்டைகளில் தனியாகப் போகிறவருக்குத் தனி மேசை கிடைக்காது. பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசையில் எங்கே காலி இருக்கிறதோ அங்கே கையைக் காட்டுவார்கள். ஏற்கெனவே இருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். தங்கள் கிண்ணத்தை அரை சாண் நகர்த்திக்கொள்வார்கள், அதுதான் வரவேற்பு. ஒருமுறை என் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். முதலில் ஊற்றிய தேநீரை அவர் குடிக்கவில்லை. கிண்ணத்துக்குள் கோப்பையைக் கிடத்தி அதன்மேல் சூடான தேநீரை ஊற்றினார். குச்சிகளால் கோப்பையைச் சுழற்றி அலசினார், குச்சி நுனிகளையும் அதிலேயே கழுவினார், அழுக்குத் தேநீரை நடுவிலிருந்த பெரிய பாத்திரத்தில் கொட்டினார். நிதானமான வேலை. பூஜைப் பாத்திரம் கழுவுகிறவரின் கவனம் அதில் இருந்தது. முடித்துவிட்டு என் முன்னால் கழுவாமல் கிடந்த கோப்பையைப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் அதையும் இழுத்துக் கழுவி, தேநீர் ஊற்றி என் பக்கம் தள்ளினார். நான் இரண்டு விரல்களை மடக்கி மேசையில் மெல்லத் தட்டினேன். பேச்சை நிறுத்தாமல் நன்றி சொல்ல அங்கே உள்ள வழி அது. மாறுவேடத்தில் ஊர் சுற்றிய சியென்லுங் பேரரசர் தன் ஏவலாளுக்குத் தேநீர் ஊற்றியதாகவும், விழுந்து வணங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவன் விரல்களை மண்டியிட வைத்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. பெரியவர் என் விரல்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் செய்தித்தாளுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எங்களுக்குள் ஒரு பேச்சும் இல்லை. ஆனாலும் அவரோடு சேர்ந்து சாப்பிட்டேன் என்றுதான் சொல்வேன்.

அவர் இரண்டே கூடைகள் எடுத்தார். ஒன்று சியூ மாய் என்ற இறைச்சிக் கொழுக்கட்டை, இன்னொன்று பன்றி இறைச்சி வைத்த வெள்ளை பன். ஒரு தேநீர், இரண்டு பண்டம் என்பது காண்டன் பகுதியின் பழைய கணக்கு. அந்த இரண்டு கூடைகளை வைத்து ஒரு காலைப்பொழுதை அவரால் நடத்த முடிந்தது. ஏன் நடத்த வேண்டியிருந்தது என்பதை அந்த நகரத்தின் வீடுகளைப் பார்த்தவர்களே உணர முடியும். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஹாங்காங்கில் ஒருவருக்குக் கிடைக்கும் வீட்டுப் பரப்பின் இடைநிலை அளவு 16 சதுர மீட்டர். ஒரே வீட்டைப் பலகையடித்துப் பிரித்து வாடகைக்கு விடும் அறைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அங்கே ஒருவருக்கு 6 சதுர மீட்டர்தான். கட்டில் போட்டால் அறை தீர்ந்துவிடும். வந்தவரை உட்கார வைக்க நாற்காலி இல்லை, நாற்காலி இருந்தால் வைக்க இடம் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் கூடம் என்று ஒன்று வீட்டுக்குள் இருக்க முடியாது. அது தெருமுனையில், டிம் சம் கடையின் இரண்டாம் மாடியில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இது கண்கூடாகத் தெரியும். மூன்று தலைமுறைகள் ஒரே மேசையைச் சுற்றி. தாத்தா விடிந்தும் விடியாமலும் போய் இடம்பிடித்து வைத்திருப்பார். மகன்களும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் வெவ்வேறு திசைகளிலிருந்து ரயிலேறி ஒவ்வொருவராக வந்துசேர்வார்கள். எந்த மகன் வீட்டிலும் அத்தனை பேர் ஒன்றாக உட்கார முடியாது.

இந்த ஏற்பாடு ஹாங்காங்கில் பிறந்ததில்லை. முத்து ஆற்றின் கரையில், காண்டன் என்று அழைக்கப்பட்ட குவாங்சோ நகரத்தில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கூலிவேலை செய்பவர்கள் மர பெஞ்சில் குந்தித் தேநீர் குடித்த மலிவுக் கூடங்களிலிருந்து அது வளர்ந்தது. பிறகு மாடிவைத்த தேநீர்க் கடைகள் எழுந்தன. மாடி ஏற ஏறக் கட்டணமும் ஏறும், காசில்லாதவர்கள் தரைத்தளத்தோடு நின்றுகொள்வார்கள். தாவ் தாவ் ஜூ 1880இலும் லின் ஹியுங் 1889இலும் குவாங்சோவில் தொடங்கியவை. ஹாங்காங்கில் 1933இல் ஆரம்பித்த லுக் யூ தேநீர் இல்லம், தேநீரைப் பற்றி முதல் நூல் எழுதிய தாங் காலத்து அறிஞரின் பெயரைச் சூடிக்கொண்டு இன்றும் மத்தியப் பகுதியில் நடக்கிறது. கூண்டோடு பாட்டுப்பறவையைக் கொண்டுவந்து மேலே கொக்கியில் மாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கும் வழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. ஆண்களின் உலகம் அது. பெண்கள் பணியாட்களாக உள்ளே வந்து, பிறகு வாடிக்கையாளர்களாகவும் ஆனது 20ஆம் நூற்றாண்டின் மாற்றம்.

பண்டங்களை மேசைக்குக் கொண்டுவரும் முறையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் கழுத்தில் வார் மாட்டிய தட்டுகள். பெண்கள் பண்டத்தின் பெயரைக் கூவிக்கொண்டு மேசைகளுக்கிடையே நடப்பார்கள். பிறகு தள்ளுவண்டி வந்தது. மூங்கில் கூடைகள் அடுக்கடுக்காக ஏறிய, அடியில் வெந்நீர் கொதிக்கும் எஃகு வண்டி. வண்டி தள்ளும் அம்மாள் கூடையின் மூடியைத் தூக்கிக் காட்டுவாள். ஆவி விலகும், உள்ளே இருப்பது தெரியும், தலையை ஆட்டினால் கூடை மேசைக்கு வந்துவிடும். மேசையிலிருக்கும் அட்டையில் சிறியது, நடுத்தரம், பெரியது, சிறப்பு என்ற கட்டங்களில் ஒன்றில் முத்திரை விழும். கடைசியில் முத்திரைகளை எண்ணினால் பில்.

அந்த வண்டிக்காக நான் வாதாடுவேன். சீன எழுத்து படிக்கத் தெரியாத எனக்கு அந்த நகரத்தில் முழு மரியாதையோடு சாப்பிடக் கிடைத்த இடம் வண்டி ஓடும் கடைதான். பார்த்தேன், கையைக் காட்டினேன், வந்தது. இது அயலாருக்கு மட்டும் கிடைத்த வசதி என்று நினைக்க வேண்டாம். போர்க்காலத்திலும் அதை ஒட்டியும் சீனாவிலிருந்து ஓடிவந்து, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல் தொழிற்சாலைகளில் உழைத்துக் கிழவிகளான எத்தனையோ பெண்கள் தேவையானதைத் தாங்களே தேர்ந்தெடுத்துச் சாப்பிட வழிசெய்ததும் அதே வண்டிதான். இன்று பெரும்பாலான கடைகளில் வண்டி போய், பென்சிலால் குறியிடும் தாள் வந்துவிட்டது. தாளும் போய், கைப்பேசியால் ஸ்கேன் செய்யும் கட்டம் மேசையில் ஒட்டப்பட்டிருக்கிறது. பண்டம் அப்போதே வெந்து சூடாக வருகிறது, வீணாவதில்லை என்கிறார்கள், உண்மைதான். ஆனால் பேத்தி பக்கத்தில் இல்லாத கிழவி அந்தக் கட்டத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

ஹாங்காங்கின் வெலிங்டன் தெருவில் இருந்த லின் ஹியுங்கில் வண்டி சமையற்கட்டிலிருந்து வெளியே வந்ததுமே ஆட்கள் அட்டையும் கையுமாக எழுந்து ஓடுவார்கள். வயதானவர்கள்கூட. மேசைக்கு வரும்வரை காத்திருந்தால் நல்ல பண்டங்கள் தீர்ந்துவிடும். மூடிபோட்ட கிண்ணத்திலேயே இலையைப் போட்டு, பெரிய கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டு சுற்றும் பணியாளர்கள், தட்டு மோதும் ஓசை, ஒரே நேரத்தில் நூறு வாய்கள். வெளிநாட்டுப் பயணிகளும் அதே மேசையில்தான் திணிக்கப்படுவார்கள், அவர்களுக்கென்று தனி ஏற்பாடு கிடையாது. 2022 ஆகஸ்டில் அந்தக் கடை மூடப்பட்டபோது கடைசியாக ஒரு தேநீர் குடிக்கத் தெருவில் வரிசை நின்றது. 2024இல் அதே இடத்தில் மறுபடி திறந்திருக்கிறார்கள். ஒரு கடை மூடினால் இன்னொன்று என்று போய்விடாமல் மக்கள் ஏன் அப்படித் திரண்டார்கள் என்றால், அது அவர்களுடைய வீட்டின் ஒரு பகுதி.

இதற்கு நேரெதிரான அனுபவம் டிம் ஹோ வான். ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலின் லுங் கிங் ஹீன் உணவகத்தில் டிம் சம் சமைத்த மாக் குவாய் புய், 2009இல் மோங் கோக்கில் இருபது பேர் மட்டுமே உட்காரக்கூடிய கடையைத் திறந்தார். மிஷலின் உணவு வழிகாட்டியின் நட்சத்திரம் கிடைத்தது. வேறெங்கும் காணாத விலையில் நட்சத்திரச் சாப்பாடு என்று உலகமே வரிசையில் வந்து நின்றது. மேலே மொறுமொறுப்பாக வெந்து, உள்ளே இனிப்பு இறைச்சி கசியும் அவருடைய பன்னுக்கு நான் ரசிகன். ஆனால் வெளியே அத்தனை பேர் நிற்கும்போது உள்ளே ஒருவர் செய்தித்தாள் விரிக்க முடியுமா? சாப்பிட்டார்கள், எழுந்தார்கள். பண்டம் உச்சத்துக்குப் போன அதே வேகத்தில் நாற்காலி சுருங்கியது. இப்போது பிற கடைகளும் கூட்ட நாட்களில் ஒன்றரை மணி நேரம்தான் என்று நுழையும்போதே சொல்லிவிடுகின்றன. அந்த நகரத்தின் கடை வாடகையை அறிந்தவர்கள் முதலாளியைத் திட்ட மாட்டார்கள். ஆனாலும் இரண்டு கூடைப் பெரியவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

சமையற்கட்டுக்காரர்களை மறந்துவிட்டு உட்காரும் உரிமையை மட்டும் பேசுவது நியாயமாகாது. கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கடையில் ஹார் காவ் என்ற இறால் கொழுக்கட்டை செய்யும் மாஸ்டரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மேல்தோலுக்கு மைதா கிடையாது. கோதுமையிலிருந்து பிரித்த மாவுச்சத்தும் மரவள்ளி மாவும் சேர்த்துக் கொதிக்கும் நீரை ஊற்றிப் பிசைகிறார். சிறு உருண்டை. எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் தட்டையான பக்கத்தை அதன்மேல் வைத்து ஒரு அழுத்து, ஒரு திருப்பு. உருண்டை வட்டத் தாளாகிவிடுகிறது. கட்டை, குழவி எதுவும் இல்லை. இறால் பூரணத்தை வைத்து, ஒரு பக்கத்தை மட்டும் விரல்நுனியால் மடித்து மடித்து ஒட்டுகிறார். பத்து மடிப்புகளாவது இருக்க வேண்டும். வெந்து வந்தால் இறாலின் செம்மை வெளியே தெரிய வேண்டும், குச்சியால் தூக்கினால் கிழியக் கூடாது. இந்த ஒரு பண்டத்தை வைத்துத்தான் அங்கே கடையை எடைபோடுகிறார்கள். காலை ஆறு மணிக்கு முதல் கிழவர் வந்து உட்கார வேண்டும் என்றால் இந்தக் கைகள் நள்ளிரவு தாண்டியதுமே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வர மறுப்பதில் வியப்பில்லை. கடைகள் உறையவைத்த பண்டங்களை ஆலையிலிருந்து வாங்கி வேகவைத்துத் தருவதும் கூடிவருகிறது. தோல் தடித்து, மடிப்பெல்லாம் ஒரே அச்சாக இருந்தால் தெரிந்துகொள்ளலாம்.

மாடிக்கூடம் இல்லாவிட்டால் நகரம் என்ன ஆகும் என்பதை ஹாங்காங் ஒருமுறை நேரிலேயே கண்டது. கொரோனா காலத்தில், 2020 ஜூலை 29 அன்று, கடைகளுக்குள் உட்கார்ந்து சாப்பிட நாள் முழுவதும் தடை போட்டார்கள். வேகாத வெயிலில் கட்டடத் தொழிலாளர்கள் பொட்டலத்தோடு நடைபாதையிலும் படிக்கட்டிலும் குந்தியிருந்த படங்கள் வெளிவந்தன. இரண்டே நாளில் பகல்நேரத் தடையை நீக்க வேண்டியதாயிற்று. உட்காருவதற்கு ஓரிடம் எவ்வளவு அடிப்படையான தேவை என்பதை ஓர் அரசாங்கம் இவ்வளவு விரைவாகக் கற்றுக்கொண்டது அபூர்வம்.

சரி, எல்லோருக்கும் இடமுண்டு என்று சொல்லும் அந்த மேசையில் உண்மையில் எல்லோருக்கும் இடமிருக்கிறதா? டிம் சம் கூடைகளில் பன்றி இல்லாத கூடையைத் தேடிப் பிடிக்க வேண்டும். சியூ மாயில் அது இருக்கிறது, பன்னில் இருக்கிறது, முள்ளங்கிக் கேக்கில் கொத்திப் போட்டிருக்கிறார்கள். இறால் மட்டும்தான் என்று நம்பி எடுக்கும் ஹார் காவிலும் மென்மைக்காகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது மரபு. மரக்கறிக்காரர்களுக்காவது பௌத்தம் வழிவிட்டிருக்கிறது. ஹாங்காங் பூங்காவுக்குள் இருக்கும் லாக் சா தேநீர் இல்லத்தில் காளானும் கீரையும் வைத்த டிம் சம்மை நிம்மதியாகச் சாப்பிடலாம். முஸ்லிம்கள்?

இந்தக் கேள்விக்குப் பதிலாக என்னை வான் சாய்க்குக் கூட்டிப்போனவர் காயல்பட்டினத்துக் காக்கா ஒருவர்; அண்ணனை அந்த ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். காயல்காரர்கள் ரத்தினக்கல் வியாபாரத்தில் ஹாங்காங் வந்து சிம் ஷா சுய் பகுதியில் வேரூன்றியவர்கள். இவர் அங்கேயே பாதி ஆயுளைக் கழித்தவர். காண்டனீஸ் மொழியில் பேரம் பேசுவார், சண்டையும் போடுவார். ஓய் குவான் சாலையில் அம்மார் பள்ளிவாசலும் உஸ்மான் ராம்ஜு சாதிக் இஸ்லாமிய மையமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. 1981இல் திறந்தது. ஐந்தாம் மாடியில் கேன்டீன். சாதாரண மேசைகள், பளிச்சென்ற விளக்கு, சுவரில் அலங்காரம் என்று ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் மூங்கில் கூடைகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. சியூ மாய் இருந்தது, கோழிக்கறியோடு. பன் இருந்தது, ஹார் காவ் இருந்தது, மாட்டிறைச்சி உருண்டை இருந்தது. காக்கா தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: “மத்த கடையில ஒவ்வொரு கூடைக்கும் உள்ள என்ன, எந்த எண்ணெய்னு விசாரிச்சு விசாரிச்சே பசி போயிரும் தம்பி. இங்க எதையும் கேக்காம எடுத்துச் சாப்புடுறேன் பாருங்க, அதுதான் எனக்கு ருசி.”

கேட்காமல் எடுத்துச் சாப்பிடுவது. அங்கிருந்த ஒவ்வொருவரும் அதற்காகத்தான் வந்திருந்தார்கள் என்று தோன்றியது. சீன முஸ்லிம் குடும்பம் ஒன்று, பாகிஸ்தான் இளைஞர்கள், பக்கத்து அலுவலகங்களிலிருந்து வந்த, மதத்தோடு சம்பந்தமில்லாத உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்கும் இந்தப் பண்டங்கள் பிடித்திருந்தன. பன்றிக் கொழுப்பு இல்லாத ஹார் காவ் சற்று இறுக்கமாக இருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இறாலின் இனிப்பு அதில் கூடுதலாகத் தெரிகிறது.

எங்களுக்கு அடுத்த மேசையில் சீனக் கிழவி ஒருத்தியும் தலைக்குத் துணி கட்டிய இந்தோனேசியப் பெண்ணொருத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். ஹாங்காங் வீடுகளில் வேலைசெய்யும் வெளிநாட்டுப் பெண்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே லட்சத்தைத் தாண்டுவார்கள். டிம் சம் கடைகளில் கிழவர் கிழவிகளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்காரவைப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். பன்றிக்கூடைகள் முன்னால் ஆவி விட, வெறும் கஞ்சியையோ கேக்கையோ தின்றுகொண்டு இந்தப் பெண்கள் உட்கார்ந்திருப்பதை நான் மற்றக் கடைகளில் பார்த்திருந்தேன். காக்கா கிழவியிடம் பேச்சுக் கொடுத்தார். அவள் முஸ்லிம் இல்லை. தினமும் போகும் கடை வீட்டுக்குக் கீழேயே இருக்கிறதாம். “நான் தின்னுறதை இவ பார்த்துக்கிட்டே இருந்தா எனக்கு இறங்குமா? அதான் வாரத்துல ஒருநாள் பஸ் ஏறி இங்க வந்துடுறோம்” என்று அவள் சொன்னதைக் காக்கா தமிழில் எனக்குச் சொன்னார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கோழிக்காலின் எலும்புகளைக் களைந்து கிழவியின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் காண்டனீஸில்தான் பேசிக்கொண்டார்கள். அவள் கிழவியை “போபோ” என்று கூப்பிட்டாள், பாட்டி என்று.

சாப்பிட்டு முடிந்ததும் பெண் கைகழுவப் போவதாகச் சொல்லி எழுந்து போனாள். கிழவி பையைத் துழாவிப் பணப்பையை எடுத்து, ஒவ்வொரு நோட்டாக மேசையில் வைத்து எண்ணிக்கொண்டு சர்வரைக் கூப்பிட்டாள். பில் கட்டியாகிவிட்டது என்றார் அவர். பெண் திரும்பி வந்ததுதான் தாமதம், கிழவி பிடித்துக்கொண்டாள்: உன் சம்பளத்தில் நீ ஊருக்கு அனுப்ப வேண்டாமா, உன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் யார் கட்டுவது, என்னை யாரென்று நினைத்தாய்? கூடமே திரும்பிப் பார்த்தது. பெண் நாற்காலியில் மாட்டியிருந்த குடையையும் கிழவியின் பையையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் நீங்கள் கட்டுங்கள் போபோ என்று சொல்லிக்கொண்டே அவளை லிஃப்டுக்கு நடத்திக்கொண்டு போனாள். லிஃப்ட் கதவு மூடும்வரை திட்டு நிற்கவில்லை.